பரணில் இருக்கும் நட்சத்திரம்

கேள்வி: அக்கா, நாங்கள் தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கடற்கரைக் கத்தோலிக்கப் பங்கை (ஒரு கோயிலுக்கு உட்பட்ட சபையை) சேர்ந்தவர்கள். என் கணவர் எலெக்ட்ரீஷியன். ஒவ்வொரு ஆண்டும் எங்கள் கோயில் கோபுரத்தில் ஏறி நட்சத்திரம் கட்டுவது அவர்தான். சென்ற ஆண்டு அக்டோபரில் தூக்கத்திலேயே மாரடைப்பு வந்து போய்விட்டார். வயது 41. சென்ற கிறிஸ்துமஸுக்கு வீட்டில் நட்சத்திரம் இல்லை, குடில் இல்லை, பலகாரம் இல்லை. பாடல் குழுவினர் எங்கள் வாசலுக்கு வரும்போது மேளத்தை நிறுத்திக்கொண்டு, அடுத்த வீட்டில் போய்ப் பாடினார்கள். நள்ளிரவுத் திருப்பலியில் (பூசையில்) ‘உன்னதங்களிலே’ என்ற புகழ்ச்சிப் பாட்டுத் தொடங்கி மணி அடித்ததும் என்னால் நிற்க முடியவில்லை. வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஆண்டு என் மகன், 11 வயது, அப்பா மூங்கிலில் செய்த நட்சத்திரத்தைப் பரணிலிருந்து எடுத்துக் கட்டலாமா என்று கேட்கிறான். மாமியார் இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்கிறார். சாமியார் “கிறிஸ்துமஸ் மகிழ்ச்சியின் விழா” என்று பிரசங்கம் செய்யும்போது அது எனக்கில்லை என்றுதான் தோன்றுகிறது. இரவில் சரியாகத் தூக்கமும் இல்லை. நான் நம்பிக்கை இழந்துவிட்டேனா? பேசாமல் கோயிலுக்குப் போகாமலே இருந்துவிடலாமா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

பாடல் குழு மேளத்தை நிறுத்திக்கொண்டு உங்கள் வாசலைத் தாண்டிப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் பல முறை படித்தேன். முதலில் அதைப் பேசிவிடுகிறேன், ஏனென்றால் அது உங்களுக்கு மட்டும் சொல்ல வேண்டியது இல்லை.

துக்க வீட்டின் முன் மேளம் அடிக்கக் கூடாது என்பது மரியாதை. அந்தப் பிள்ளைகள் கெட்ட எண்ணத்தோடு அப்படிச் செய்யவில்லை. ஆனாலும் அது தவறு என்றே நான் நினைக்கிறேன். லூக்கா நற்செய்தியில் வானதூதர் யாரிடம் போனார்? ஊருக்கு வெளியே, இரவில் கண்விழித்துக் கிடந்த இடையர்களிடம். அவர்கள் கொண்டாடிக்கொண்டிருக்கவில்லை. ஒளியைக் கண்டு நடுங்கினார்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. அதனால்தான் “அஞ்சாதீர்கள்” என்று பேச்சைத் தொடங்க வேண்டியிருந்தது. அந்தச் செய்தியைப் பாட்டாகச் சுமந்து வருகிறவர்கள், தூக்கமில்லாமல் கிடக்கும் வீட்டை மட்டும் விட்டுவிட்டுப் போவது எப்படிச் சரியாகும்? இதைப் படிக்கும் பாடல் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன்: மேளம் வேண்டாம், கிறிஸ்துமஸ் தாத்தா வேடம் வேண்டாம், உண்டியலும் வேண்டாம். நான்கு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, தணிந்த குரலில் ஒரே ஒரு பாட்டுப் பாடி, இறந்தவர் படத்துக்கு முன் ஓர் ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லிவிட்டுப் போங்கள். ஐந்து நிமிடம் ஆகும்.

நீங்களும் ஒன்று செய்யலாம். உங்கள் அன்பியத்தின் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழுவின்) பொறுப்பாளரிடம், இந்த ஆண்டு எங்கள் வீட்டுக்கும் வரச் சொல்லுங்கள் என்று சொல்லிவிடுங்கள். கூப்பிட்டால்தான் வருவார்களா என்ற வருத்தம் உங்களுக்கு இருக்கும், நியாயம்தான். ஆனால் கூப்பிடத் தெரியாமல் நீங்களும் வரத் தெரியாமல் அவர்களும் இன்னோர் ஆண்டைக் கழிப்பதில் யாருக்கும் பயன் இல்லை.

அடுத்து, நம்பிக்கை இழந்துவிட்டேனா என்ற கேள்வி. பொது மொழிபெயர்ப்பு விவிலியத்தைத் திறந்து, பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் 13ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்தைப் பாருங்கள். நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு என்று மூன்றைச் சொல்கிறது. நம்பிக்கை ஒன்று, எதிர்நோக்கு இன்னொன்று. திருத்தந்தை பிரான்சிஸ் 2024 டிசம்பர் 24 இரவு புனித பேதுரு பேராலயத்தின் புனிதக் கதவைத் திறந்து தொடங்கிவைத்த யூபிலி என்ற புனித ஆண்டு முழுவதும் நம் கோயில்களில் எதிர்நோக்கு என்ற இந்தச் சொல்லைக் கேட்டோம். ‘எதிர்நோக்கின் திருப்பயணிகள்’ என்று பேனர் கட்டாத பங்கு குறைவு. எனக்கு இந்தச் சொல் மிகவும் பிடிக்கும். எதிரே நோக்குவது. கடலுக்குப் போனவர்கள் திரும்பத் தாமதமாகும்போது கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் பெண்களை உங்கள் ஊரில் பார்த்திருப்பீர்கள். அவர்கள் சிரித்துக்கொண்டு நிற்பதில்லை. வயிறு கலங்கித்தான் நிற்கிறார்கள். ஆனாலும் பார்வை கடல் பக்கம்தான். நீங்கள் எனக்குக் கடிதம் எழுதியதே அப்படி ஒரு பார்வைதான். எல்லாம் முடிந்துவிட்டது என்று முடிவுகட்டிய மனம், மகன் நட்சத்திரம் கேட்டதை எனக்கு எழுதியிருக்காது. உங்களிடம் இப்போது இல்லாதது மகிழ்ச்சி. அது இல்லாததைப் பாவம் என்று எந்தத் திருச்சபைச் சட்டமும் சொல்லவில்லை.

‘உன்னதங்களிலே’ பாடத் தொடங்கியதும் வெளியே வந்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளிலும் திருச்சபை அந்தப் பாட்டைப் பாடுவதே இல்லை. பீடத்தில் ஊதா உடை, மூன்றாம் ஞாயிறு மட்டும் ரோஜா நிறம். பாட முடியாத நாள்கள் உண்டு என்று திருவழிபாட்டுக்கே தெரியும். உங்கள் திருவருகைக் காலம் நான்கு வாரத்தில் முடியவில்லை, அவ்வளவுதான். மற்றவர்கள் பாடும்போது நீங்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கலாம். பங்கு என்று ஒன்று இருப்பது அதற்கும் சேர்த்துத்தான். நம்மால் முடியாத நாளில் நமக்காகவும் யாரோ பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் நள்ளிரவுக் கூட்டத்துக்குள் போய்த்தான் ஆக வேண்டும் என்று இல்லை. கிறிஸ்துமஸுக்கு நான்கு திருப்பலிகள் உண்டு: முந்திய மாலை, இரவு, விடியற்காலை, பகல். நான்குக்கும் தனித்தனி வாசகங்கள். நம் ஊர்களில் இரவுத் திருப்பலி ஒன்றையே கிறிஸ்துமஸ் என்று நினைத்துவிடுகிறோம். என் தாயார் இறந்த ஆண்டு நான் விடியற்காலைத் திருப்பலிக்குப் போனேன். இருபது பேர்கூட இல்லை. இரவு எரிந்த விளக்குகளில் பாதியை அணைத்திருந்தார்கள். தரையில் ஜிகினாத் தாள் சிதறிக் கிடந்தது. பாடகர் குழு இல்லை. முன் பெஞ்சில் ஒரு பாட்டி தொடங்கிவைத்த பாட்டைப் பிடித்துக்கொண்டு மற்றவர்கள் பாடினார்கள். அந்தத் திருப்பலியின் நற்செய்தி, இடையர்கள் போய்க் குழந்தையைப் பார்த்த பகுதி. நடுவே ஒரு வரி வருகிறது: மரியா இவற்றையெல்லாம் தம் உள்ளத்தில் இருத்திச் சிந்தித்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் எல்லாரும் வியந்து பேசிக்கொண்டிருக்க, பெற்றவள் பேசாமல் இருக்கிறாள். அதற்கு முன்பு எத்தனையோ முறை கேட்ட வரிதான். அன்று காலையில்தான் அது என் காதில் விழுந்தது. உங்கள் பங்கில் விடியற்காலைத் திருப்பலி உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் பக்கத்துப் பங்கில் இருக்கலாம்.

பிரசங்கம் மகிழ்ச்சியை மட்டும் பேசியதென்றால், அது அந்த ஒரு பிரசங்கத்தின் குறை. நாள்காட்டியைப் பாருங்கள். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், 26ஆம் தேதி, கல்லால் எறிந்து கொல்லப்பட்ட புனித ஸ்தேவானின் விழா. 28ஆம் தேதி, ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் விழா. குடில் அப்படியே இருக்கிறது, நட்சத்திரம் எரிகிறது, குருவானவர் இரத்தச் சிவப்பு உடையில் வந்து நிற்கிறார். பிள்ளைகளை இழந்த இராகேல் அழுகிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள் என்று மத்தேயு எழுதியதை அன்று வாசிக்கிறார்கள். ஆறுதல் பெற மறுத்தவளை நற்செய்தி கண்டிக்கவில்லை. சமாதானப்படுத்தவும் இல்லை. அவளுடைய அழுகையைக் கிறிஸ்துமஸ் கதைக்குள்ளேயே வைத்துவிட்டுப் போகிறது.

நம் கடற்கரைக்கு இது புத்தகப் படிப்பு இல்லை. 2004இல் டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. வேளாங்கண்ணியிலும் குளச்சலிலும் கிறிஸ்துமஸுக்கு வந்தவர்களையும் கொண்டாடியவர்களையும் சுனாமி வாரிக்கொண்டு போனபோது குடில்களைப் பிரித்திருக்கவில்லை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தது. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத குமரி மாவட்டத்து ஊர்களுக்கு அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் இருட்டோடு வந்தது. அங்கேயும் “காரிருளில் நடந்துவந்த மக்கள் பேரொளியைக் கண்டார்கள்” என்ற இறைவாக்கினர் எசாயாவின் வாசகத்தைத்தான் வாசித்தார்கள். எசாயா அதை எழுதியதும் வெளிச்சத்தில் இருந்தவர்களுக்கு இல்லை.

கணவனை இழந்தவள் விசேஷங்களில் முன்னால் வரக் கூடாது என்று நம் ஊரில் இன்னும் சிலர் நினைக்கிறார்கள். கோயிலுக்குள்ளும் அந்தப் பார்வை உண்டு என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நீங்கள் எழுதவில்லை, ஆனால் அது உங்களையும் தொட்டிருக்கும். டிசம்பர் 17 அன்று வாசிக்கும் இயேசுவின் குல வரிசையில் மரியாவுக்கு முன் நான்கு பெண்கள் வருகிறார்கள்: தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி. அவர்களில் மூவர் கணவனை இழந்தவர்கள். 30ஆம் தேதி வாசகத்தில் அன்னா வருகிறார். மணமாகி 7 ஆண்டுகளே கணவரோடு வாழ்ந்தவர். இப்போது வயது 84. எருசலேமின் மீட்புக்காகக் காத்திருந்த எல்லாரிடமும் அந்தக் குழந்தையைப் பற்றிப் பேசியவர் அவர். கிறிஸ்துமஸ் செய்தியைக் கோயிலில் நின்று எடுத்துச் சொன்ன பெண் ஒரு விதவை. உங்களை யாராவது பின்வரிசைக்குப் போகச் சொன்னால் அன்னாவை நினைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்காருங்கள்.

தூக்கமில்லை என்கிறீர்கள். ஓராண்டுக்குப் பிறகும் இரவுகள் இப்படித்தான் கழிகின்றன, சாப்பாடு இறங்கவில்லை, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் வருகிறது என்றால், பங்குத்தந்தையிடம் பேசுவதோடு மருத்துவரையும் பாருங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். செபம் செய்கிறவள் மாத்திரை சாப்பிடக் கூடாது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இனி நட்சத்திரம்.

உங்கள் மாமியார் மீது கோபப்படாதீர்கள். நீங்கள் கணவரை இழந்தீர்கள், அவர் பெற்ற பிள்ளையை இழந்தார். 28ஆம் தேதி வாசகத்து இராகேல் உங்கள் வீட்டு அடுப்படியில்தான் இருக்கிறார். இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்று அவர் சொல்வது வழக்கத்தை நினைத்து மட்டும் இருக்காது. அந்த நட்சத்திரத்தில் அவருடைய மகனின் கைவேலை இருக்கிறது. அது எரிவதைத் தாங்க முடியுமா என்று அவருக்குப் பயமாக இருக்கலாம். அதனால் கட்டலாமா வேண்டாமா என்று விவாதம் வைக்காமல், ஒரு மாலை அதைப் பரணிலிருந்து இறக்கிக் கூடத்தில் வையுங்கள். உங்கள் கணவர் சின்ன வயதில் முதல் நட்சத்திரத்தை எப்படிச் செய்தார் என்று மாமியாரைப் பேரனிடம் சொல்லச் சொல்லுங்கள். அழுவார். அழட்டும். நீங்களும் அழுவீர்கள். பையனுக்கு அது தேவை. அப்பாவைப் பற்றிப் பேசினால் பெரியவர்கள் உடைந்துபோவார்கள் என்று பயந்தே பல பிள்ளைகள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். உங்கள் மகன் நட்சத்திரத்தைக் கேட்டதும் பெரும்பாலும் அப்பாவைப் பற்றிப் பேசத்தான்.

டிசம்பர் முதல் தேதியே கட்டியாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 24ஆம் தேதி மாலை கட்டலாம். அன்றும் மாமியாருக்கு மனம் வரவில்லையென்றால் ஜனவரியில், ஞானிகள் குழந்தையைக் காண வந்ததைக் கொண்டாடும் திருக்காட்சிப் பெருவிழா வரை காத்திருக்கலாம். நட்சத்திரம் கதையில் வருவதே அந்த ஞானிகளுக்குத்தான். அவர்களும் தாமதமாக, எருசலேமில் வழி கேட்டுக்கொண்டு வந்து சேர்ந்தவர்கள். அதுவரை பையன் சும்மா இருக்க வேண்டாம். டிசம்பர் 15 வாக்கில் ஒரு தட்டில் மண் பரப்பி, கேழ்வரகை விதைத்துத் தினமும் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். பத்து நாளில் பச்சையாக எழுந்து நிற்கும். பெரிய குடில் வேண்டாம். அந்தத் தட்டின் நடுவே குழந்தை சுரூபத்தை மட்டும் வைத்தால் போதும், பக்கத்தில் உங்கள் கணவரின் படம்.

கட்டுகிற நாளில் நீங்கள் ஏணி ஏறாதீர்கள். கோபுரத்தில் உங்கள் கணவரோடு ஏறிய பையன்கள் பங்கில் இருப்பார்கள். கயிறு பிடித்தவர், வயர் எடுத்துக் கொடுத்தவர் என்று யாராவது ஒருவர். அவரைக் கூப்பிடுங்கள். உங்கள் வீட்டுக்கு வர ஒரு காரணம் கிடைக்காமல் அவரும் இந்த ஓராண்டாகத் தவித்திருப்பார். காகிதம் கிழிந்திருக்கும், மகனையே புதிதாக ஒட்டச் சொல்லுங்கள். மூங்கில் சட்டம் அப்பா கட்டியதாகவே இருக்கட்டும். ஓராண்டுக்கு மேல் பரணில் கிடந்த வயரை எலி கடித்திருக்கலாம், பல்பு மாட்டும் முன் அதை ஒருமுறை பார்த்துவிடச் சொல்லுங்கள்.

அன்புடன்,
அக்கா