இத்தாலியக் காய்கறிச் சமையல்: கேட்டவையும் பதில்களும்

அக்கா, சுக்கினியை (வெள்ளரிக்காய் போல நீண்டிருக்கும் பச்சைக் காய்) வதக்கினால் ஒவ்வொரு முறையும் தண்ணீர் விட்டுக் கூழாகிவிடுகிறது. எங்கே தப்பு?

சின்ன வாணலியில் அடைத்துப் போடுவதுதான் தப்பு. சுக்கினியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். காய் நெருக்கமாக இருந்தால் அந்தத் தண்ணீர் ஆவியாகப் போக வழியில்லாமல் தேங்கும்; காய் அதிலேயே வெந்து குழையும். அரை சென்டிமீட்டர் கனத்தில் வில்லைகளாக நறுக்கி, அகலமான வாணலியில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். தீ நன்றாக எரியட்டும். முதல் 3 நிமிடம் கரண்டியே போடாதீர்கள். அடிப்பக்கம் சிவந்ததும் திருப்புங்கள். உப்பு இறக்கும்போதுதான், முன்பே போட்டால் அது வேறு நீரை இழுத்து வெளியே விடும்.

பாஸ்தா ஒட்டாமலிருக்கக் கொதிநீரில் எண்ணெய் விடுகிறேன். வடித்துக் குளிர்ந்த நீரில் அலசவும் செய்கிறேன். ஆனால் சாஸ் தனியாக, பாஸ்தா தனியாக நிற்கிறதே?

இரண்டையும் விட்டுவிடுங்கள். எண்ணெய் தண்ணீரின் மேலேதான் மிதக்கும். வடிக்கும்போது பாஸ்தாவின் மேல் படிந்து சாஸை வழுக்கிவிடும். அலசினால் சாஸைப் பிடித்துக்கொள்ளும் மாவுச்சத்தும் போய்விடும். 100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலிய வீட்டுக் கணக்கு. உப்பைக் குறைக்க வேண்டியவர்கள் 5 கிராம் போடலாம். போட்டதும் முதல் 2 நிமிடம் கிளறினாலே ஒட்டாது.

பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு 2 நிமிடம் முன்பே எடுத்து, சூடான சாஸில் சேருங்கள். பாஸ்தா வெந்த நீரிலிருந்து ஒரு சிறு கரண்டி எடுத்து ஊற்றி, நல்ல தீயில் புரட்டிக்கொண்டே இருங்கள். வாணலியைச் சாய்த்துப் பாருங்கள்: ஓரத்தில் தண்ணீர் தனியாக ஓடினால் இன்னும் புரட்ட வேண்டும், பளபளவென்று பாஸ்தாவோடு சேர்ந்து நகர்ந்தால் இறக்கிவிடலாம். கிரீமே தேவைப்படாது.

தக்காளி சாஸ் புளிக்கிறது. சர்க்கரை போடலாமா?

முதலில் நன்றாக வற்றவிட்டீர்களா என்று பாருங்கள். இரண்டு பேருக்கு 500 கிராம் பழுத்த தக்காளி. அடியில் கீறி, கொதிநீரில் 30 விநாடி போட்டு எடுத்துத் தோலுரியுங்கள். 2 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய் சூடாகும் முன்பே 2 பல் பூண்டைத் தட்டிப் போட்டு, சிறு தீயில் வையுங்கள். பூண்டு லேசாகப் பொன்னிறமானதும் தக்காளி. பூண்டு கருகிவிட்டால் அந்த எண்ணெயைக் கொட்டிவிடுங்கள். கசப்பு கடைசிவரை போகாது. மூடாமல் 20 நிமிடம். கரண்டியால் நடுவே கோடு இழுத்தால் உடனே நீர் ஓடி மூடக்கூடாது. அப்படியும் புளித்தால் காய் சரியாகப் பழுக்கவில்லை. அடுத்த முறை ஒரு சிறு கேரட்டைத் துருவிப் பூண்டோடு வதக்கிச் சேருங்கள். பேசில் இலை, அடுப்பை அணைத்த பிறகு.

மினெஸ்ட்ரோனே சூப் சப்பென்று இருக்கிறது, மேடம்.

எல்லாக் காயையும் ஒன்றாகக் கொதிக்கவிட்டிருப்பீர்கள். இந்தச் சூப்பின் ருசி முதல் 15 நிமிடத்தில் இருக்கிறது. வெங்காயம், கேரட், செலரித் தண்டு ஒவ்வொன்றையும் பொடியாக நறுக்கி, 3 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெயில் சிறு தீயில், நிறம் மாறாமல் வதக்குங்கள். இதுதான் சோஃப்ரிட்டோ. அவசரப்படாதீர்கள். பிறகு உருளைக்கிழங்கு, வேகவைத்த பீன்ஸ் பருப்பு, பின்னர் சுக்கினி, கீரை கடைசி 5 நிமிடம். பருப்பில் கால் பங்கை மசித்து விட்டால் சூப் தானாகவே கெட்டிப்படும். பார்மிஜானோ சீஸின் காய்ந்த தோலைப் போட்டுக் கொதிக்கவைத்துப் பிறகு எடுத்துவிடுவதும் வழக்கம்.

அந்தச் சீஸ் சைவமா?

இல்லை. பார்மிஜானோ ரெஜ்ஜானோவுக்குக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டில்தான் பாலைத் திரிக்க வேண்டும் என்பது விதி. தாவர ரென்னெட் என்று அச்சிட்ட வேறு கெட்டிச் சீஸ் வாங்குங்கள். சீஸே வேண்டாமென்றால், தெற்கு இத்தாலியில் செய்வதுபோல ரொட்டித்தூளை ஆலிவ் எண்ணெயில் மொறுமொறுப்பாக வறுத்துத் தூவுங்கள்.

ஒரே பாத்திரத்தில் முடிகிற மாதிரி ஏதாவது?

தெற்கு இத்தாலியின் புலியா பகுதியில் கீரையையும், சிறு காது வடிவிலான ஒரெக்கியெத்தே பாஸ்தாவையும் ஒரே தண்ணீரில் வேகவைப்பார்கள். ப்ரோக்கோலியிலும் செய்யலாம். பாஸ்தா வேக இன்னும் 5 நிமிடம் இருக்கும்போது பூக்களைப் போடுங்கள். தண்டைத் தோல் சீவி 2 நிமிடம் முன்னதாக. தாளிப்புக்கு மட்டும் இன்னொரு சிறு வாணலி வேண்டும்: பூண்டு, வரமிளகாய், ஆலிவ் எண்ணெய்.