சிறு தோட்டத்தில் வெள்ளைக் கரையிட்ட மேப்பிள்: பச்சைக் கிளையும் கருகும் இலையும்

கேள்வி: இலண்டனின் வடமேற்கே ஹாரோவில் வசிக்கிறோம். வீட்டின் பின்புறம் 7 மீட்டர் அகலமும் 12 மீட்டர் நீளமும் உள்ள தோட்டம், மண் களிமண். மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘ஃபிளமிங்கோ’ மேப்பிள் என்று எழுதிய சீட்டுடன், ஒன்றரை மீட்டர் உயரத் தண்டின் உச்சியில் ஒட்டுக்கட்டிய கன்று ஒன்றை வாங்கி, வீட்டுச் சுவரிலிருந்து 6 மீட்டர் தள்ளி நட்டேன். வசந்தத்தில் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக மிக அழகாக இருக்கிறது. ஆனால் கனடாக் கொடியில் காணும் மேப்பிள் இலை இதில் இல்லை. ஜூலையில் இலையோரங்கள் பழுப்பாகக் கருகின. உரம் போதவில்லையோ என்று நினைக்கிறேன். ஒரு கிளை மட்டும் முழுப் பச்சையாக, மற்றவற்றைவிட இரு மடங்கு வேகத்தில் வளர்கிறது. இது பெரிய மரமாகி வீட்டுக்குக் கேடு செய்யும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார். அடுத்த ஆண்டு இதன் அடியில் தக்காளியும் கத்தரியும் வைக்கலாம் என்றும் எண்ணியிருக்கிறேன். என்ன செய்வது, ஐயா?

பதில்: முதலில் உங்கள் ஐயத்தைத் தீர்த்துவிடுகிறேன். உங்களுக்குத் தவறான கன்று விற்கப்படவில்லை. மேப்பிள் இனங்களுள் பெரும்பாலானவற்றின் இலை, விரித்த கை போன்ற ஒற்றை இலை. உங்கள் மரம் ‘ஏசர் நெகுண்டோ’ என்ற வட அமெரிக்க இனத்தின் தோட்ட வகை. அந்த இனத்தில் ஒரு காம்பில் மூன்று முதல் ஏழு சிற்றிலைகள் தனித்தனியாக இருக்கும். இந்தப் பெயரில் நமக்கு உரிய செய்தி ஒன்றும் உண்டு. நம் ஊர் வேலியோரங்களில் வளரும் நொச்சியின் தாவரவியல் பெயர் ‘விடெக்ஸ் நெகுண்டோ’. நொச்சிக்கும் இந்த மேப்பிளுக்கும் 1753இல் பெயர் சூட்டியவர் லின்னேயஸ். இலையின் ஒற்றுமையால் நொச்சியின் பெயரே இம்மரத்துக்கும் வாய்த்தது. ஆகவே உங்கள் மரத்தின் இலை கனடாக் கொடியை நினைவூட்டாமல் நொச்சியை நினைவூட்டினால், அது சரியான மரம் என்பதற்கு அதுவே சான்று.

இனி, நீங்கள் எழுதியவற்றுள் மிக அவசரமானது அந்தப் பச்சைக் கிளைதான். அதன் வேகத்தைக் கண்டு மகிழ்ந்து அதை விட்டு வைத்தால், நான்கைந்து ஆண்டுகளில் நீங்கள் விலை கொடுத்து வாங்கிய மரம் மறைந்து, சாதாரணப் பச்சை மேப்பிள் ஒன்று அந்த இடத்தில் நிற்கும். காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இதைப் புரிந்துகொண்டால் இம்மரத்துக்குச் செய்ய வேண்டிய மற்ற வேலைகளெல்லாம் தாமாகவே விளங்கும். தளிர் நுனியில் உள்ள திசுக்கள் வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக அமைந்தவை. இலையின் ஓரப்பகுதியைப் பெரும்பாலும் வெளி அடுக்கும், நடுப்பகுதியை உள் அடுக்கும் உருவாக்குகின்றன. இவ்வகை மரத்தில் வெளி அடுக்கின் உயிரணுக்கள் பச்சையம் உண்டாக்கும் திறனை இழந்துவிட்டன. உள் அடுக்கு இழக்கவில்லை. அதனால்தான் வேட்டிக்குக் கரை போட்டது போல ஓரம் வெள்ளையாகவும் நடுவில் பச்சையாகவும் இலை வருகிறது. இந்த இரு அடுக்குகளின் சேர்க்கை எங்காவது குலைந்து, உள் அடுக்கிலிருந்து மட்டும் ஒரு மொட்டு கிளம்பினால், அதிலிருந்து வளரும் கிளை முழுவதும் பச்சையாகவே இருக்கும். மஞ்சள் கரையிட்ட பாம்புச் செடியின் இலையை வெட்டி மண்ணில் ஊன்றிப் பார்த்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: இலை வேர்விட்டுப் புதுக்கன்று வரும், ஆனால் அந்தக் கன்றில் மஞ்சள் கரை இருக்காது. அங்கும் புதுக்கன்று எழுவது உள் திசுவிலிருந்துதான்.

பச்சைக் கிளையின் இலை முழுவதும் உணவு தயாரிக்கிறது. கரையிட்ட இலையோ தன் பரப்பில் ஒரு பகுதியைக் கொண்டு மட்டுமே தயாரிக்கிறது. இரண்டும் ஒரே மரத்தில் இருந்தால் எது வெல்லும் என்பதைக் கேட்க வேண்டியதில்லை. ஆகவே அந்தக் கிளையை நுனியில் கத்தரிக்காமல், அது எங்கிருந்து பிறந்ததோ அந்த இடம் வரை, கரையிட்ட இலை உள்ள மூத்த கிளையோடு சேருமிடத்தில், கிளையின் அடியில் சற்று உப்பியிருக்கும் கழுத்து வளையத்தைக் காயப்படுத்தாமல் முழுமையாக வெட்டுங்கள். இலை உதிர்வதற்கு முன் இப்போதே செய்வது நல்லது. இலை உதிர்ந்துவிட்டால் எது பச்சைக் கிளை, எது வண்ணக் கிளை என்று பிரித்தறிவது கடினம். இப்போது வெட்ட இயலாவிட்டால், அதன் அடியில் ஒரு கயிற்றையாவது கட்டி அடையாளம் வையுங்கள். முழு வெள்ளையாக ஒரு தளிர் வந்தால் அதையும் எடுத்துவிடலாம். அது பச்சையம் இன்றி மற்ற இலைகளின் உழைப்பில் வாழ்ந்து, வெயிலில் முதலில் கருகுவது.

வெட்டும் முன் ஒன்றைச் சரிபாருங்கள். உங்கள் கன்று உச்சியில் ஒட்டுக்கட்டியது என்கிறீர்கள். அப்படியானால் கீழேயுள்ள தண்டும் வேரும் பெரும்பாலும் சாதாரணப் பச்சை நெகுண்டோவின் விதைக்கன்று. பச்சைக் கிளை ஒட்டு முடிச்சுக்குக் கீழிருந்து வந்திருந்தால், அது நிறம் மாறிய கிளை அன்று, ஒட்டைத் தாங்கும் அந்த வேர்ச்செடியின் போத்து, அதாவது பக்கத்தளிர். அதைத் தண்டோடு ஒட்டி நீக்க வேண்டும். இனி அத்தகைய போத்துகள் விரல் நீளம் வளர்ந்து மென்மையாக இருக்கும்போதே கையால் கீழ்நோக்கிப் பிய்த்துவிடுங்கள். கத்தரியால் வெட்டினால் அடியில் தங்கும் மொட்டுகள் மறுபடி தளிர்க்கும். ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்டைச் சுற்றிப் பார்ப்பது போதுமானது.

இலை கருகுவது உரக்குறைவால் அன்று. வெள்ளைத் திசு வெயிலையும் வறண்ட காற்றையும் தாங்கும் வலுவில்லாதது. மண்ணில் ஈரம் குறையும்போது மரம் முதலில் கைவிடுவது அந்த ஓரங்களைத்தான். 2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தில் வெப்பம் 40 டிகிரியைக் கடந்தது. அத்தகைய நாட்களில் பச்சை மேப்பிள்களின் இலைகூடக் கருகும், கரையிட்டவை எம்மாத்திரம்? இந்த நிலையில் தழைச்சத்து மிகுந்த உரத்தைக் கொடுப்பது தவறு என்று உறுதியாகச் சொல்கிறேன். அது மென்மையான, நீர் மிகுந்த, எளிதில் கருகும் தளிரைத் தரும். மரத்துக்குத் தேவை நீரும் மூடாக்கும். வறண்ட கோடையில் வாரம் ஒருமுறை 20 முதல் 30 லிட்டர் வரை, மெதுவாக மண்ணில் ஊறும்படி, மாலையில் ஊற்றுங்கள். நாள்தோறும் ஒரு குவளை தெளிப்பதால் மேல்மண் மட்டும் நனைந்து, வேரும் மேலேயே தங்கிவிடும். மார்ச்சில் மண் ஈரமாக இருக்கும்போதே மட்கிய இலை அல்லது மரப்பட்டைத் தூளை ஒரு மீட்டர் வட்டத்தில் 5 முதல் 7 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்புங்கள். அது தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். தண்டோடு அணைத்தால் பட்டை அழுகும். ஆண்டுக்கு ஒரு முறை மட்கிய தொழுவுரத்தை மூடாக்குடன் சேர்த்து இட்டால் அதுவே போதிய ஊட்டம்.

கருகல் எல்லா இலைகளிலும் ஓரத்தில் மட்டும், அதிலும் தெற்கு, மேற்குப் பக்கங்களில் கூடுதலாக இருந்தால் அஞ்ச வேண்டியதில்லை. அடுத்த வசந்தத்தில் புது இலை குறையின்றி வரும். மாறாக ஒரு முழுக்கிளை மட்டும் கோடையின் நடுவில் திடீரென்று வாடித் தொங்கினால் அது வேறு. அந்தக் கிளையைக் குறுக்கே வெட்டி, பட்டைக்கு உள்ளே இருக்கும் மரப்பகுதியில் பழுப்போ பச்சைகலந்த பழுப்போ கோடுகளாகவும் புள்ளிகளாகவும் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் அது வெர்டிசிலியம் வாடல் நோய். மேப்பிள் இனத்தை அதிகம் தாக்கும் நோய்களுள் ஒன்றான இது மண்வழிப் பூசணத்தால் வருவது. குணப்படுத்தும் மருந்து இல்லை.

உங்கள் தக்காளி, கத்தரித் திட்டத்தைக் கைவிடும்படி நான் கேட்டுக்கொள்வதும் இதனால்தான். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, ஸ்ட்ராபெரி ஆகிய அனைத்தும் இதே பூசணத்துக்கு இடம் கொடுப்பவை. செடி மடிந்த பின்னும் அது மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். புலம்பெயர்ந்த நம் வீடுகளில் கத்தரி இல்லாத கோடை இல்லை என்பதை நான் அறிவேன். அவற்றைப் புதிய தொட்டிமண் நிரப்பிய தொட்டிகளில், தெற்கு நோக்கிய சுவரோரம் வையுங்கள். அங்கே அவற்றுக்கு வெப்பமும் கூடுதலாகக் கிடைக்கும். பருவம் முடிந்ததும் அந்தத் தொட்டிமண்ணை மேப்பிளின் அடியில் கொட்டிவிடாதீர்கள். மரத்தின் அடியில் ஏதாவது வேண்டுமென்றால் ஸ்னோடிராப், சைக்ளமன் போன்ற சிறு கிழங்குப் பூச்செடிகளை வைக்கலாம். கொத்திக் கிளறாத வரை வேருக்குத் தீங்கில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது முழுப் பொய்யும் அன்று, முழு உண்மையும் அன்று. பச்சை நெகுண்டோ 15 மீட்டர் வளரக்கூடியது; கனடாவில் மனிடோபா மேப்பிள் என்று அழைக்கப்படும் அதை டொராண்டோப் பகுதியில் களை மரமாகவே பலர் கருதுகிறார்கள். ‘ஃபிளமிங்கோ’ கவாத்து செய்யாமல் விட்டால் 8 மீட்டர் வரை போகும். உங்கள் தோட்டத்துக்கு அதுவும் மிகுதிதான். ஆனால் ஆண்டுதோறும் கவாத்து செய்தால் இதை 3 மீட்டருக்குள் வைத்துக்கொள்ளலாம். அத்துடன், இம்மரத்தின் இளஞ்சிவப்பு புதுத்தளிரில் மட்டுமே வருவதாகையால், நன்றாக வெட்டப்பட்ட மரமே நன்றாக நிறம் காட்டும். அளவைக் குறைக்கும் வேலையும் அழகைக் கூட்டும் வேலையும் ஒன்றாகவே அமைவது தோட்டக்கலையில் அடிக்கடி கிடைக்காத வாய்ப்பு.

மூன்று ஆண்டுகள் நிலைத்துவிட்ட உங்கள் மரத்துக்கு வரும் குளிர்காலத்தில் முதல் கவாத்தைச் செய்யலாம். இந்த ஆண்டு வளர்ந்த ஒவ்வொரு கொம்பையும், அதன் அடியில் ஒன்றோ இரண்டோ கணுக்களை விட்டு வெட்டுங்கள். மேப்பிளில் ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு மொட்டுகள் இருப்பதால், ஒரு கணுவை விட்டாலே இரண்டு புதுக்கொம்புகள் கிடைக்கும். அவை ஒரே பருவத்தில் ஒரு மீட்டருக்கு மேல் வளரும். கணு எதையும் விடாமல் பழைய கட்டை வரை மொட்டையாக வெட்டுவதை நான் விரும்புவதில்லை. அப்போது புதிய மொட்டுகள் உள் திசுவிலிருந்து கிளம்பக்கூடும். அவை பச்சையாகவே வரும் வாய்ப்பு உண்டு. ஒட்டு முடிச்சுக்குக் கீழே வெட்டினால், சொல்லவே வேண்டாம், ‘ஃபிளமிங்கோ’ அன்றோடு முடிந்தது.

காலம் இங்கே மிக முக்கியம். மேப்பிளில் குளிர்காலக் கடைசியிலேயே சாறு ஏறத் தொடங்கிவிடும். கனடாவில் அந்தப் பருவத்தில்தான் சர்க்கரை மேப்பிளின் தண்டைத் துளைத்துச் சாறு வடித்து, ஏறத்தாழ 40 லிட்டரைக் காய்ச்சி ஒரு லிட்டர் பாகு எடுக்கிறார்கள். அந்த நேரத்தில் வெட்டினால் காயத்திலிருந்து சாறு நாட்கணக்கில் வடியும். ஆகவே மரம் முழு உறக்கத்தில் இருக்கும் டிசம்பரும் ஜனவரித் தொடக்கமுமே ஏற்ற காலம். வெட்டிய குச்சிகளையும் காய்ந்த முனைகளையும் மரத்தடியில் போட்டுவைக்காமல் அப்புறப்படுத்துங்கள்; பட்டுப்போன குச்சிகளில் குங்குமப் பொட்டு போல இளஞ்சிவப்புப் புள்ளிகளுடன் தோன்றும் பூசணம் அங்கிருந்து உயிருள்ள கிளைக்கும் ஏறும். ஜூன் நடுவில், நீளமாக ஓடும் கொம்புகளின் நுனியை மட்டும் கிள்ளிவிட்டால், ஆகஸ்டில் இரண்டாம் முறையாக இளஞ்சிவப்புத் தளிரைக் காணலாம்.

வீட்டைப் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். இலண்டன் களிமண் கோடையில் சுருங்கி மழையில் உப்பும் இயல்புடையது. பெரிய மரங்கள் அதிலிருந்து நீரை உறிஞ்சுவதால் அடித்தளம் இறங்கும் நிகழ்வுகள் அந்நகரில் உண்மையாகவே உள்ளன. மரம் உறிஞ்சும் நீரின் அளவு அதன் இலைப்பரப்பைப் பொறுத்தது. ஆண்டுதோறும் வெட்டி 3 மீட்டருக்குள் வைத்த மரம் 6 மீட்டர் தள்ளி நிற்பது என் கணிப்பில் கவலைக்குரியதன்று. ஆனால் சில ஆண்டுகள் கவாத்தை மறந்து விட்டுவிட்டால் அந்தக் கணிப்பு செல்லாது. வயதான பின் ஏணியில் ஏறுவது இயலாது என்று தோன்றினால், இப்போதே இந்த மரத்துக்குப் பதிலாக ‘பட்டர்ஃபிளை’ என்ற ஜப்பானிய மேப்பிளை ஒரு பெரிய தொட்டியில் வளர்ப்பதைப் பற்றி யோசியுங்கள். அதன் இலையிலும் வெள்ளைக் கரையும் வசந்தத்தில் இளஞ்சிவப்பும் உண்டு, மெல்ல வளரும், அரைநிழலை விரும்பும், பல ஆண்டுகளுக்குப் பின்னும் 3 மீட்டர் அளவிலேயே நிற்கும். நார்வே மேப்பிளின் கரையிட்ட வகையான ‘டிரம்மண்டி’யை யாரேனும் பரிந்துரைத்தால் ஏற்காதீர்கள், அது மிகப் பெரிய மரம், பச்சைக்குத் திரும்புவதிலும் முன்னிற்பது.

கவாத்துக் கத்தரியை எடுக்கும் முன் உங்கள் தெரு ‘கன்சர்வேஷன் ஏரியா’ எனப்படும் பாதுகாக்கப்பட்ட பகுதியில் அடங்குகிறதா என்று நகராட்சியின் வரைபடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். அடங்குமானால், தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டம் ஏழரை சென்டிமீட்டரைத் தாண்டிய மரத்தை வெட்ட ஆறு வாரங்களுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். உங்கள் மரம் இன்னும் அந்தப் பருமனை அடைந்திருக்காது. ஆயினும் அளந்து குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் அந்தப் பருமனை எட்டும் ஆண்டில் டிசம்பர்க் கவாத்துக்கு அக்டோபரிலேயே எழுத வேண்டியிருக்கும். நட்டபோது கட்டிய முட்டுக்கோலின் கட்டு தண்டை இறுக்குகிறதா என்பதையும் அன்றே பாருங்கள். கையால் அசைத்தால் மரம் உறுதியாக நிற்குமானால் கோலை எடுத்துவிடலாம்.