கேட்டாலும் படித்த மாதிரிதானா, டீச்சர்?

கேள்வி: அன்புள்ள டீச்சர், அப்பாவுக்கு 74 வயது. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாரம் இரண்டு புத்தகமாவது நூலகத்திலிருந்து கொண்டுவந்து படித்துவிடுவார். சர்க்கரையால் பார்வை மங்கி, இரண்டு வருஷமாக எழுத்தே தெரிவதில்லை. ஹெமிங்வேயின் 'கடலும் கிழவனும்' கதையை ஒலிப்புத்தகமாகப் போனில் போட்டுக் கொடுத்தேன். பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டார். மறுநாள் கேட்டால், "எவனோ சாப்பிட்டுட்டு எனக்கு ருசி சொல்றான்" என்கிறார். காதால் கேட்பதெல்லாம் படிப்பில் சேராது என்கிறார் எங்கள் வீட்டுக்காரர். விட்டுவிடவா?
*வாசகி, காவேரிப்பட்டணம்*

பதில்: விட்டுவிடாதே கண்ணு. அப்பா தூங்கியதற்குக் காரணம் கதையும் இல்லை, அவருடைய வயதும் இல்லை. எனக்கும் அதேதான் நடந்தது.

வலது கண்ணில் புரை எடுத்த பிறகு, சில வாரம் கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். 36 வருஷம் பாடம் நடத்தியவளுக்குப் புத்தகம் இல்லாத பகல் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. என் மகன் இதே கதையைப் போட்டுக் கொடுத்தான். மதியம் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டேன். கண் விழித்தபோது கிழவன் மீனோடு பேசிக்கொண்டிருந்தான். எந்த மீன், எப்போது மாட்டியது, ஒன்றும் தெரியவில்லை. புத்தகம் படிக்கும்போது தூங்கினால் பக்கம் அங்கேயே நமக்காக நிற்கும். குரல் நிற்பதில்லை, அது பாட்டுக்குப் போய்விடுகிறது.

மூன்றாம் முறைதான் எழுந்து உட்கார்ந்தேன். அது புளிக் காலம். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் எங்கள் மரத்துப் புளி வந்து திண்ணையில் குவிந்து கிடந்தது. நார் உரித்துக்கொண்டே கேட்டேன். ஓட்டுச் சில்லு குத்திய விரலில் புளிச்சாறு பட்டுச் சுரீரென்று எரிந்தது. அதே நேரத்தில் காதுக்குள் கிழவனின் உள்ளங்கையைத் தூண்டில் கயிறு அறுத்துக்கொண்டு ஓடுகிறது. அந்த இடத்தில் என் கை தானாக நின்றுவிட்டது. கல்லூரிக் காலத்திலிருந்து அந்தக் கதையை நாலைந்து முறை படித்திருக்கிறேன். அந்த வலியை அன்றைக்குத்தான் பட்டேன்.

அதனால் அப்பாவைப் படுக்கையில் கேட்கவைக்காதே. உட்காரவை. மொச்சை உரிக்கட்டும், நிலக்கடலை உடைக்கட்டும். கண் தேவைப்படாத வேலை ஒன்று கையில் இருந்தால் காது விழித்திருக்கும்.

உன் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. நம் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் வைத்தால் 18 நாள் நடக்கும். பகலில் பிரசங்கியார் பாரதம் படிப்பார், ராத்திரி கூத்து. என் பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. அபிமன்னன் சண்டை வருகிற அன்றைக்கு மட்டும் மத்தியானமே போய் முன்னால் இடம் பிடித்துவிடுவாள். கர்ணன் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தான் என்பதில் யாராவது தப்பாகச் சொன்னால் திருத்துவாள். அவளுக்குப் பாரதம் தெரியாது என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தக் கதையைக் காதால் கேட்க வேண்டியதற்கு அதற்குள்ளேயே காரணம் இருக்கிறது. கியூபாக் கடலில் கிழவன் தனியாக இருக்கிறான். முன்பெல்லாம் தனியாக இருந்தால் பாடுவான். சத்தமாகப் பேச ஆரம்பித்தது எப்போது என்று அவனுக்கே நினைவில்லை, கூட மீன் பிடிக்க வந்த பையன் வேறு படகுக்குப் போன பிறகாக இருக்கலாம். மீனோடு பேசுகிறான். படகில் வந்து உட்கார்ந்த குருவியோடு பேசுகிறான். பிடிப்பு விழுந்து மடங்கிப்போன தன் இடது கையைத் திட்டுகிறான், பிறகு அதற்காகவே பச்சை மீனைத் தின்கிறான். பையன் கூட இருந்திருந்தால் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். கண்ணால் படிக்கிறபோது அந்த வரியை, முன்னமே பார்த்ததுதானே என்று தாண்டிவிடுவோம். காதுக்குத் தாண்டத் தெரியாது. ஒவ்வொரு முறையும் கேட்டே ஆக வேண்டும். அவன் தனிமை எனக்குள் இறங்கியது அந்த வழியாகத்தான்.

அப்பா சொன்ன 'ருசி' விஷயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். முன்பின் தெரியாத குரல் அவருக்கும் கதைக்கும் நடுவில் வந்து நிற்கிறது. அதனால் நீயே படித்துக் காட்டு. சின்னப் புத்தகம்தான். 1952-இல் அமெரிக்காவில் 'லைஃப்' பத்திரிகை ஒரே இதழில் முழுக்கதையையும் போட்டது. அத்தியாயப் பிரிவே கிடையாது, எங்கே நிறுத்துவது என்று நீதான் முடிவு செய்ய வேண்டும். நாலு சாயங்காலம் போதும். கரையில் பையனும் கிழவனும் பேசுவது, சிங்கக் கனவு, விடியுமுன் படகு கிளம்புவது வரை முதல் நாள். மீன் மாட்டிப் படகை இழுத்துக்கொண்டு போகும் முதல் ராத்திரி இரண்டாம் நாள். இந்த நாளை அவசரப்படுத்தவே கூடாது. மீன் சாகும் வரை மூன்றாம் நாள். மிச்சம் சுறாக்களுக்கு.

ஒரு சிக்கல் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். அவன் வாய்விட்டுச் சொல்வதும் மனசுக்குள் நினைப்பதும் மாறி மாறி வரும். தமிழில் 'என்றான்', 'என்று நினைத்தான்' இரண்டும் வாக்கியத்தின் கடைசியில்தான் நிற்கும். அதுவரை படித்துவிட்ட பிறகு குரலை மாற்ற முடியாது. வரியின் முடிவைக் கண்ணால் முதலில் பார்த்துவிட்டு வாயைத் திற. சொன்னதைச் சத்தமாகவும் நினைத்ததைத் தணித்தும் படி. இரண்டு பக்கம் போனால் பழகிவிடும். போனில் பதிவு செய்து வைத்தால், நீ வேலைக்குப் போன நேரத்திலும் அப்பா கேட்பார்.

கடைசியில் தூங்கும் கிழவனின் கைகளைப் பார்த்துப் பையன் அழுகிற இடம் வரும். அங்கே உன் குரல் உடைந்தால் நிறுத்தாதே, அப்படியே படி.

கேள்வி: டீச்சர், கதையைக் கேட்டு முடித்துவிட்டேன். புத்தகத்தையும் படிக்க வேண்டுமா? நான் கடலையே பார்த்ததில்லை.
*கல்லூரி மாணவன், பென்னாகரம்*

பதில்: படி, தம்பி. கேட்கும்போது நழுவிப்போகிற இடங்கள் உண்டு. சான்டியாகோ என்ற பெயர் கதையில் சில இடங்களில்தான் வரும், மற்றபடி அவன் வெறும் 'கிழவன்'. இன்னொன்று, கிழவன் கடலைப் பெண்ணாக நினைக்கிறான். மோட்டார் படகு வைத்திருக்கும் இளவட்டங்கள்தான் அதை ஆணாக, எதிராளியாகச் சொல்கிறார்கள். அவர்கள் பேசும் ஸ்பானிஷ் மொழியில் இரண்டுக்கும் இடம் உண்டு. தமிழில் கடல் அஃறிணை, அதனால் அந்த வரியை நிதானமாகப் படித்தால்தான் பிடிபடும்.

ஆனால் உனக்கு அது கஷ்டமாக இருக்காது. நீ ஒகேனக்கல்லுக்குப் பக்கத்தில் இருக்கிறாய். தண்ணீர் வரத்து கூடிப் பரிசலுக்குத் தடை போட்ட ஒரு நாள், பரிசலைக் கரையில் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்த ஒருவரிடம் நாளைக்கு விடுவார்களா என்று கேட்டேன். "அவ இறங்கினாத்தான்மா" என்றார். காவேரியைத்தான் சொன்னார். துடுப்பு பிடித்து அவர் உள்ளங்கை கொட்டாங்கச்சி மாதிரி காய்த்துப் போயிருந்தது. ஒரு நாள் அங்கே போய், கரையில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தைப் படித்துப் பார்.

கேள்வி: ஒலிப்புத்தகங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் கேட்கிறேன். இதையும் அப்படிக் கேட்கலாமா?
*கம்பெனி ஊழியர், ஓசூர்*

பதில்: செய்தி கேளுங்கள், பாடம் கேளுங்கள், தப்பில்லை. இதற்கு வேண்டாம். 84 நாள் ஒரு மீனும் கிடைக்காதவன் 85-ஆம் நாள் கிளம்புகிறான். பிறகு இரண்டு ராத்திரி கயிற்றைப் பிடித்தபடி காத்திருக்கிறான். அந்தக் காத்திருப்பை வேகமாக ஓட்டிவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

நான் கேட்ட ஆங்கில வாசிப்பு மொத்தமே இரண்டரை மணி நேரம் போல. ஓசூரிலிருந்து தருமபுரிக்கு பஸ்ஸில் வரும் நேரம்தான். ஜன்னலோர இருக்கையாகப் பார்த்து உட்காருங்கள். கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டும்போது மீன் படகை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கும்.