மாமாங்கக் குளத்தில் எப்போது, எப்படிக் குளிப்பது?

கும்பகோணம் மகாமகம் 2028-ல் வருகிறது. குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி வளர்ந்தவன் என்பதால் ஆளாளுக்குக் கேட்டதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

"மாசி மகம் வருஷா வருஷம் வருகிறதே, மகாமகம் மட்டும் ஏன் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை?" (சேலம் வாசகர்)

மாசியில் சூரியன் கும்பத்தில், சந்திரன் மக நட்சத்திரத்தில் இருப்பது மாசி மகம். அதோடு குருவும் சிம்மத்தில் இருந்தால் மகாமகம். குரு ராசிச் சக்கரத்தை ஒருமுறை சுற்றிவரக் கிட்டத்தட்ட 12 வருஷம். 1980, 1992, 2004, 2016 என்று வந்த கணக்கு இதுதான். "உன்னைப் பார்த்து ஒரு மாமாங்கம் ஆச்சு" என்கிறோமே, அது இந்தக் குளத்துக் கணக்கு! நாசிக், உஜ்ஜயினி கும்பமேளாக்களுக்கும் இதே சிம்ம குருதான்.

"குளத்துக்குள் கிணறு இருப்பது உண்மையா?" (கோவை வாசகி)

உண்மைதான். மொத்தம் 20. இந்திரன், வருணன், குபேரன், கங்கை, யமுனை, கோதாவரி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். சாதாரண நாளில் எல்லாம் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும். விழாவுக்காகத் தண்ணீரைக் குறைக்கும்போதுதான் உறையின் வாய் தெரியும். அதன் மேல் ஒருவர் நின்றுகொண்டு, கயிறு கட்டிய சின்ன வாளியில் மொண்டு, வருகிறவர் தலையில் ஊற்றிக்கொண்டே இருப்பார். 2016-ல் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் ஒரு பாட்டி, "கங்கை ஆயிடுச்சு, அடுத்தது யமுனை" என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே போனார். எட்டாவது கிணற்றில் எண்ணிக்கை குழம்பிப்போய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்!

"எந்த வரிசையில் குளிக்க வேண்டும்?"

முதலில் மாமாங்கக் குளம், அப்புறம் சாரங்கபாணி கோயிலின் பொற்றாமரைக் குளம், கடைசியில் காவிரி. பிரளயத்தில் மிதந்து வந்த குடத்தைச் சிவன் அம்பெய்து உடைத்தார், சிந்திய அமுதம் முதல் இரண்டு இடங்களிலும் தேங்கியது என்பது தலபுராணம்.

"அம்மாவுக்கு 71 வயது. சரியாகத் தீர்த்தவாரி நேரத்தில் குளிக்க வைக்க ஆசை." (மதுரை வாசகர்)

வேண்டாம் ஐயா. சிவன் கோயில்களின் சுவாமிகள் கரைக்கு வந்து, அஸ்திரதேவர் (சுவாமியின் சூல வடிவம்) தண்ணீரில் இறங்கும் அந்த நடுப்பகல் வேளைதான் கூட்டத்தின் உச்சம். 1992 பிப்ரவரி 18 அன்று, முதல்வர் ஜெயலலிதாவும் நீராட வந்திருந்த வேளையில், ஏற்பட்ட நெரிசலில் ஏறக்குறைய 50 பேர் இறந்தார்கள். குளம் மொத்தமே ஆறு ஏக்கர் சொச்சம்தான். அத்தனை லட்சம் பேரும் ஒரே மணி நேரத்தில் இறங்க அது கடலா? விழா பத்து நாள் நடக்கும். கொடியேறிய மறுநாளோ மூன்றாம் நாளோ விடியற்காலையில் அழைத்து வாருங்கள். நிதானமாக இருபது கிணற்றுத் தண்ணீரும் தலையில் விழும். எங்கள் தெருக்காரர்கள் பாதிப் பேர் அப்படித்தான் குளிக்கிறோம். மகத்தன்று வீட்டில் உட்கார்ந்து வெளியூர் உறவுக்காரர்களுக்குக் காபி போடுகிறோம்.

"கரையில் இருக்கும் மண்டபங்கள் யார் கட்டியவை?"

தஞ்சை நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர். நாலு கரையிலும் சேர்த்து 16. எடைக்கு எடை பொன் கொடுத்த துலாபாரக் காட்சியை ஒரு மண்டபத்தின் விதானத்தில் செதுக்கியிருக்கிறார்கள். கூட்டத்தில் அண்ணாந்து பார்க்க முடியாது, வேறொரு நாள் வாருங்கள்.

"சோப்பு கொண்டுவரலாமா?"

கூடாது. மாற்றுத் துணியை மட்டும் கரையில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு இறங்குங்கள்.