வன்னியில் கோயில் முன்றல் கச்சேரிக்கு எந்த ஒலிபெருக்கி வாங்கலாம்?

ஐம்பது, அறுபது பேர் இருந்து கேட்கும் பாட்டு, வயலின், மிருதங்கக் கச்சேரி. இடம் கோயில் முன்றல், சில நேரம் கரண்ட் இல்லாத வாசிகசாலை முற்றம் என்கிறீர்கள். சரி, அப்படியென்றால் பற்றரியில் ஓடும் ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றே போதும். போஸ் கம்பனியின் எஸ்1 புரோ சுமார் 7 கிலோதான், மோட்டார் சைக்கிளிலேயே கொண்டுபோகலாம். ஆனால் அதில் இரண்டு மைக்தான் நேரடியாகப் பூட்டலாம். பாட்டுக்கு ஒன்று, வயலினுக்கு ஒன்று. சிறிய முற்றத்தில் மிருதங்கத்துக்கு மைக் தேவையே இல்லை என்பது என் எண்ணம்; அதன் இயல்பான நாதமே போதும்.

வாட்ஸ் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம். சத்தத்தை அளப்பது டெசிபெல்லில்; வாட்ஸ் இரட்டித்தால் கூடுவது 3 டெசிபெல் மட்டுமே. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தாலோ 6 டெசிபெல் குறையும். அதனால், முன்னுக்கு இருப்பவர்களுக்கும் பின்னுக்கு இருப்பவர்களுக்கும் ஓரளவு ஒரேபோலக் கேட்க, பெட்டியைத் தரையில் வைக்காமல், ஸ்டாண்டில் ஏற்றி, இருப்பவர்களின் தலைக்கு மேலே நிறுத்துங்கள். பெட்டி மைக்குகளுக்கு முன்னால், சனத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். பின்னால் வைத்தால் அதன் சத்தம் திரும்ப மைக்குக்குள் போய் கூவத் தொடங்கிவிடும்.

அப்புறம், தடித்த துணியுறை ஒன்றும் தைப்பித்துக்கொள்ளுங்கள். கோடையில் கிரவல் றோட்டுப் புழுதி எல்லா ஓட்டைக்குள்ளும் போகும்.