தியாரோய்: கூலி கேட்டவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரண்டாம் உலகப்போரில் பிரான்சுக்காகப் போரிட்ட ஆப்பிரிக்கப் படைவீரர்களைப் பற்றிய தங்கள் குறிப்பை வாசித்தேன். அவர்கள் கூலிக்குச் சென்றவர்கள்தானே? போர்முனையில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே குண்டுக்குத்தான் அஞ்சியிருப்பார்கள்; அங்கே நிறத்துக்கு என்ன வேலை?

செ.

அன்புள்ள செ. அவர்களுக்கு,

1940 ஜூனில் லியோன் நகருக்கு அருகிலுள்ள ஷாஸ்லே என்னும் ஊரில் சரணடைந்த பிரெஞ்சுப் படையினரிலிருந்து கறுப்பின வீரர்களைத் தனியே பிரித்தெடுத்து ஜெர்மானியர்கள் சுட்டுக்கொன்றார்கள். குண்டுக்குத் தெரியாத நிறம் அதைச் சுட்டவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

எதிரி அப்படித்தான் என்று விட்டுவிடலாம். ஆனால் 1944 இலையுதிர்காலத்தில், வெற்றி கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய வேளையில், பிரெஞ்சுப் படையே தன் ஆப்பிரிக்க வீரர்களை ஆயிரக்கணக்கில் விலக்கி, அவர்களுடைய மேலங்கிகளையும் துப்பாக்கிகளையும் வெள்ளை இளைஞர்களிடம் கொடுத்தது. குளிர் தாங்கமாட்டார்கள் என்று காரணம் சொல்லப்பட்டது; அதில் ஓரளவு உண்மையும் உண்டு. எனினும் அந்த நடவடிக்கைக்குப் பிரெஞ்சில் நிலைத்துவிட்ட பெயரின் பொருள் 'வெளுத்தல்' என்பதே.

இனி, கூலி. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த மேற்கு ஆப்பிரிக்காவில் கட்டாய ஆள்சேர்ப்பு சட்டமாகவே இருந்தது. ஆகவே எல்லோரும் விரும்பிச் சென்றவர்கள் அல்லர். தங்கள் சொல்லையே ஏற்றுக்கொண்டாலும், அந்தக் கூலியாவது கைக்கு வந்ததா? ஜெர்மானியரிடம் நான்காண்டுகள் சிறைப்பட்டிருந்து மீண்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் 1944 நவம்பரில் செனகலின் டாக்கர் நகருக்கு அருகிலுள்ள தியாரோய் முகாமுக்கு வந்துசேர்ந்தபோது, சிறைக்காலச் சம்பள பாக்கியில் கால் பங்கைப் பிரான்சிலும் முக்கால் பங்கை ஆப்பிரிக்காவில் இறங்கியதும் கொடுக்க வேண்டும் என்ற அரசின் உத்தரவு நடைமுறையில் இருந்தது. அந்தப் பணம் வராமல் ஊருக்கு ரயில் ஏறமாட்டோம் என்று அவர்களில் ஒரு பகுதியினர் மறுத்தார்கள். டிசம்பர் 1 அன்று காலை, கவச வண்டிகளோடு முகாமைச் சூழ்ந்த பிரெஞ்சுப் படை அவர்களைச் சுட்டது. அந்தப் படையிலும் ஆப்பிரிக்க வீரர்கள் இருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்; பேரரசுகள் எப்போதும் அப்படித்தான் வேலை வாங்கின.

இறந்தவர்கள் 35 பேர் என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. எண்ணிக்கை அதைவிட மிக அதிகம் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் வாதிடுகிறார்கள். நடந்தது படுகொலை என்று பிரெஞ்சு அதிபர் மக்ரோன் எழுத்தில் ஒப்புக்கொள்ள 2024 நவம்பர் வரை ஆயிற்று. சுட்டவர்கள்மீது வழக்கு எதுவும் இல்லை. சம்பளம் கேட்டவர்களில் 34 பேருக்கு ராணுவ நீதிமன்றம் தண்டனை விதித்தது. அவர்களில் எஞ்சியிருந்தவர்கள் 1947இல் வெளியே வந்தார்கள், குற்றமற்றவர்கள் என்ற தீர்ப்பினால் அல்ல, மன்னிப்பினால்.