மூட்டு மாற்றியும் நடை சாய்கிறதே, ஏன்?

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. வலது இடுப்பு மூட்டு தேய்ந்துபோனதால் ஏழு வாரத்துக்கு முன் முழு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்தோம். பழைய வலி இல்லை. ஆனால் வாக்கரை விட்டால் உடம்பு ஒரு பக்கம் சாய்கிறது. வலது கால் நீண்டுவிட்டது போலவும் இருக்கிறதாம். ஆபரேஷனில் ஏதாவது கோளாறா?

பதில்: வலி போய்விட்டதால் அப்படி நினைக்கத் தோன்றவில்லை. மூட்டு புதிது, அதைத் தாங்கும் தசை பழையதுதான். ஒரு காலைத் தூக்கி அடி வைக்கும்போது இடுப்பு சரியாமல் பிடிப்பது, ஊன்றிய காலின் பக்கம் இடுப்புக்கு வெளிப்புறத்தில் உள்ள தசை. வலிக்குப் பயந்து அந்தக் காலில் பாரம் போடாமலே நடந்த வருடங்களில் அது மெலிந்திருக்கும். பலம் திரும்ப சில மாதங்கள், சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும்.

கால் நீண்டதுபோல் தோன்றுவதும் சகஜம். தசை இறுக்கத்தால் இடுப்பெலும்பு சற்றுச் சாய்ந்திருக்கும்; இறுக்கம் தளர்ந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதற்குள் செருப்பில் அட்டை வைக்க வேண்டாம். ஆறு மாதத்துக்குப் பிறகும் இருந்தால் எக்ஸ்ரே எடுத்து அளந்து பார்க்கலாம்.

வாக்கரை விட அவசரப்படாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒரே மாதத்தில் விட்டார் என்பதெல்லாம் கணக்கில்லை. சாய்ந்து சாய்ந்து நடந்தால் அதுவே பழகிவிடும். அடுத்தது கைத்தடி. அதை இடது கையில் பிடிக்க வேண்டும். ஆபரேஷன் செய்த பக்கமே பிடிப்பவர்களும் உண்டு! எதிர்க்கையில் பிடித்து, வலது காலோடு சேர்த்து ஊன்றினால்தான் அந்தத் தசையின் சுமை குறையும். மாடி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் ஆபரேஷன் செய்த காலும் முதலில்.

சமையல் மேடையைப் பிடித்து நிமிர்ந்து நின்று, முழங்காலை மடக்காமல் வலது காலைப் பக்கவாட்டில் மெதுவாக விரித்துத் திரும்பக் கொண்டுவரட்டும். பத்து முறை, நாளுக்கு இரண்டு மூன்று வேளை. உடம்பு சாயக் கூடாது. தொடங்கும் முன் அறுவை செய்த மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். தரையில் உட்காருவது, கால்மேல் கால் போடுவது, இந்தியன் டாய்லெட் எல்லாம் இப்போதைக்கு வேண்டாம்.

கெண்டைக்காலில் வீக்கமும் வலியும், காய்ச்சல், தையல் இடத்தில் கசிவு என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறினாலோ, திடீரென்று கடுமையாக வலித்து காலை ஊன்றவே முடியாமல் போனாலோ நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள்.